சார்லஸ் மன்னரின் தலையை வாங்கியது யார்?

இங்கிலாந்து வரலாற்றை எழுதுகிறவர்கள் பலர் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடும் வரி ஒன்று உண்டு: ‘1649-இல் நாடாளுமன்றம் முதலாம் சார்லஸின் தலையை வெட்டியது.’ எந்த நாடாளுமன்றம்? 1648 டிசம்பர் 5 அன்று நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபை, உள்நாட்டுப் போரில் தோற்றுப் பிடிபட்டிருந்த மன்னரோடு சமரசம் பேசலாம் என்று 129-க்கு 83 என்ற கணக்கில் முடிவெடுத்திருந்தது. மறுநாள் காலை கர்னல் தாமஸ் பிரைடு சிப்பாய்களோடு சபை வாசலில் பட்டியலும் கையுமாக நின்றார். சமரசம் கேட்டவர்களை உள்ளே விடவில்லை. சிலரைப் பிடித்து அடைத்தும் வைத்தார். மன்னரை விசாரிக்க உத்தரவிட்டவர்கள் மிஞ்சிய உறுப்பினர்கள்தான். மேலவையான பிரபுக்கள் சபை அதற்கு ஒப்பவில்லை. விசாரிக்க நியமிக்கப்பட்டவர்கள் 135 பேர். மரண ஆணையில் கையெழுத்திட்டவர்கள் 59 பேர். மிஞ்சிய அந்தச் சபையையும் 1653-இல் படைத்தளபதி குரோம்வெல் சிப்பாய்களை வைத்தே விரட்டினார். படையை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்லவே முடியாது.

மரண ஆணையில் ஆண்டு 1648 என்றுதான் இருக்கும். எழுத்துப்பிழை என்று திருத்திவிடாதீர்கள். ஆணை எழுதப்பட்டது ஜனவரியில்; அன்று அங்கே புத்தாண்டு பிறந்தது மார்ச் 25-இல்.

சார்லஸ் 1629 முதல் 1640 வரை நாடாளுமன்றத்தைக் கூட்டாததைச் சட்டமீறல் என்று எழுதுவதும் அவசரம்தான். கூட்டுவதும் கலைப்பதும் அன்று மன்னரின் உரிமை. கடலோர ஊர்கள் கொடுத்துவந்த கப்பல் வரியை அவர் உள்நாட்டுக்கும் விரித்தபோது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ஜான் ஹேம்டன் கட்ட மறுத்தார். வழக்கில் 12 நீதிபதிகளில் 7 பேர் மன்னர் பக்கம்! நீதிமன்றத்தில் ஜெயித்தவரைக் கவிழ்த்தது ஸ்காட்லாந்துப் போர்ச் செலவு. கஜானா காலியானதும் 1640-இல் சபையைக் கூட்டாமல் வேறு வழியில்லை.

இரண்டாம் ஜேம்ஸ் மன்னரை இறக்கி மூன்றாம் வில்லியமை அரியணை ஏற்றிய 1688 புரட்சியை ‘இரத்தமற்ற புரட்சி’ என்பது இங்கிலாந்துக்கு ஓரளவு பொருந்தும். அயர்லாந்தில் 1690-இல் பாயின் நதிக்கரையில் அந்த இருவரின் படைகளுக்கும் நடந்தது முழுப்போர்.

1689 உரிமைகள் மசோதாவோடு மன்னர் பொம்மையாகிவிட்டார் என்பதும் தவறு. நாடாளுமன்றத்தைக் கேட்காமல் வரி போடுவது, சட்டத்தை நிறுத்திவைப்பது, அமைதிக்காலத்தில் படை வைத்திருப்பது ஆகியவைதான் பறிபோயின. அமைச்சர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை போகவில்லை. 1708-இல் ஆன் அரசி ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் தர மறுத்தார். 1834-இல்கூட நான்காம் வில்லியம் மன்னர், பிரதமர் மெல்போர்னின் அமைச்சரவையை வீட்டுக்கு அனுப்பினார். சில மாதங்களில் அதே மெல்போர்னைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று.