பேட் வைத்த சைக்கிள் முக்கால் பேன்ட்: அளவு பார்த்து வாங்குவது எப்படி?

சைக்கிளில் ஒரு மணி நேரம் தொடர்ந்து போனால் உட்காரும் இடம் வலிக்கிறது என்று பேட் வைத்த பேன்ட் வாங்குகிறோம். வாங்கிய பிறகும் வலி குறையவில்லை, கூடவே தொடையிடுக்கில் உரசலும் சேர்ந்துகொண்டது என்றால், பெரும்பாலும் பேட் நல்ல பேடாகத்தான் இருக்கும். இருக்கவேண்டிய இடத்தில் நிற்காமல் நகர்வதுதான் குறை. பந்தயக்காரர்கள் போடுகிற, தோலோடு ஒட்டிய உடையில் இந்தத் தொல்லை குறைவு. துணியே பேடை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். முட்டிக்குச் சற்றுக் கீழே வரை தளர்வாக வரும் சாதாரண முக்கால் பேன்ட்டில் அப்படிப் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது.

ஆனாலும் எனக்கு இந்த முக்கால் பேன்ட்தான் பிடிக்கும். சைக்கிளை நிறுத்திவிட்டு அப்படியே நாலு இடத்துக்குப் போகலாம், நாலு பேர் முன்னால் கூச்சமில்லாமல் நிற்கலாம், துணி செயினில் மாட்டாது. இதைச் சீட்டிலும் சௌகரியமாக ஆக்க முடியும். எனக்குச் சரிப்பட்டு வந்த முறையை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், பேட் எதற்கு?

முன்பு இந்த இடத்தில் மெல்லிய பதனிட்ட தோலைத்தான் தைத்தார்கள். அது மெத்தை கிடையாது. தையல் உடம்பில் படாமல் காப்பதும் உரசலைக் குறைப்பதும்தான் அதன் வேலை. துவைத்தால் தோல் விறைத்துவிடும், அதனால் கிரீம் தடவி இளக்குவார்கள். இப்போது வருவது ஃபோம், அதன்மேல் வியர்வையை உறிஞ்சிக் கடத்துகிற மெல்லிய செயற்கைத் துணி. பொருள் மாறினாலும் உரசலைத் தடுப்பது இன்றும் பாதி வேலை. இதை மனதில் வைத்துக்கொண்டால் "எவ்வளவு தடிமன்?" என்ற கேள்வியோடு கடைக்குப் போக மாட்டீர்கள்.

படி 1: உட்காரும் எலும்பின் அகலம்

சீட்டில் நம் எடையைத் தாங்கவேண்டியவை இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு முனைகள். அவற்றுக்கு நடுவே உள்ள மென்மையான பகுதியில் நரம்புகளும் ரத்தக் குழாய்களும் ஓடுகின்றன. அங்கே எடை இறங்கினால்தான் மரத்துப்போகிறது.

அளப்பது சுலபம். நெளிநெளியான உட்பக்கம் கொண்ட பெட்டி அட்டை ஒன்றை எடுத்து, கெட்டியான பெஞ்சின் மேல் வையுங்கள். மெல்லிய துணியோடு அதில் உட்கார்ந்து, பாதத்தின் முன்பகுதியை ஊன்றிக் குதிகாலைத் தூக்கி, கொஞ்சம் முன்னால் சாய்ந்து, பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்து உடம்பை அட்டைக்குள் அழுத்துங்கள். எழுந்து, அட்டையை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தால் இரண்டு குழிகள் தெரியும். தெரியாவிட்டால் விரலால் தடவுங்கள், அகப்பட்டுவிடும். ஒரு குழியின் நடுவிலிருந்து இன்னொன்றின் நடுவு வரை அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு 10 முதல் 15 செ.மீ.க்குள் வரும். பெண்களுக்குச் சராசரியாகக் கொஞ்சம் கூடுதல்.

பேடைக் கையில் எடுக்கும்போது அதன் தடித்த பகுதிகள் இந்த அகலத்தில், இரண்டு எலும்பு முனைகளுக்கும் நேர் அடியில் வருகின்றனவா என்று பாருங்கள். எலும்பு பேடின் ஓரத்தில் உட்கார்ந்தால் எவ்வளவு நல்ல பேடும் வீண்.

படி 2: எப்படி உட்கார்ந்து ஓட்டுகிறீர்கள்?

நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சைக்கிள் என்றால் எடை முழுக்கப் பின்பக்கம் இறங்கும். பின்னால் அகலமும் தடிமனும் உள்ள, முன்னால் குட்டையான பேட் போதும். ஹேண்டில்பார் தாழ்வாக இருந்து குனிந்து ஓட்டுகிறீர்கள் என்றால் இடுப்பு முன்னால் உருளும், பேட் இன்னும் முன்னே வரை நீண்டிருக்க வேண்டும். ஆண், பெண் பேடுகளின் வடிவமும் வேறு. முன்பக்கம் நீளமான ஆண்கள் பேடைப் பெண்கள் போட்டால் அந்த நீளம் சுருண்டு மடியும், அந்த மடிப்பே உரசும். "எல்லோருக்கும் பொது" என்று விற்கிற பேடை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

படி 3: பேட் எங்கே தைத்திருக்கிறது?

கடையில் இரண்டு வகை இருக்கும். ஒன்றில் தளர்வான பேன்ட்டின் உள்ளேயே பேடைத் தைத்திருப்பார்கள். இன்னொன்றில் லைக்ரா போன்ற இறுக்கமான உள்டிராயரில் பேட் இருக்கும், அதன்மேல் தளர்வான பேன்ட் தனியாக. சிலவற்றில் இரண்டையும் இடுப்பில் பிரஸ் பட்டனால் இணைக்கலாம்.

தயங்காமல் இரண்டாவதை வாங்குங்கள். முதல் வகையில் துணி அசையும் பக்கமெல்லாம் பேடும் அசையும். இரண்டாவதில் அசைவு இரண்டு துணிகளுக்கு நடுவே நடந்துபோகும், தோலில் நடக்காது. அதற்கு, மேலே போடும் பேன்ட் வழுக்கும் துணியாக இருக்க வேண்டும், நைலான் நல்லது. பருத்தி வியர்வையில் நனைந்து உள்டிராயரோடு ஒட்டி அதையும் இழுத்துக்கொண்டு வரும். இன்னொரு லாபம்: தினமும் உள்டிராயரை மட்டும் துவைத்தால் போதும்.

படி 4: போட்டுப் பார்ப்பது

என்னை நெடுநாள் அலைக்கழித்த படி இதுதான். அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகிறேன்.

ட்ரையல் ரூம் கண்ணாடி முன்னால் நிமிர்ந்து நின்று பார்ப்பதில் பயனே இல்லை. இந்தப் பேன்ட் நிற்பதற்காக வெட்டியதில்லை. ஒழுங்காகத் தைத்த பேன்ட் நிற்கும்போது முன்னால் இழுத்தாற்போலும் பின்னால் சுருங்கியும் இருக்கும். நடந்தால் கால்களுக்கு நடுவே பொதி வைத்தாற்போல் தோன்றும். அதைப் பார்த்து ஒரு அளவு பெரிதாக எடுத்துவிடாதீர்கள். பெரிதாக எடுத்தால் பேட் உடம்பை விட்டு இறங்கிவிடும்.

ஒரு மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோலவே குனியுங்கள். இனி ஒவ்வொன்றாக.

குனிந்தபடியே பேடைக் கீழிருந்து உள்ளங்கையால் தொடுங்கள். பேடுக்கும் உடம்புக்கும் நடுவே காற்று இருக்கக் கூடாது. கை பட்டதும் பேட் மேலே எழும்பி உடம்பைத் தொடுகிறது என்றால் அளவு பெரிது.

அடுத்து, இடுப்புப் பட்டை. பின்னால் வழுக்கி இறங்கி முதுகு தெரிகிறதா? முன்னால் வயிற்றில் வெட்டுகிறதா? பின்பக்கம் உயர்த்தி, முன்பக்கம் தாழ்த்தி வெட்டிய பட்டைதான் சரி. முழுக்கச் சுருள் எலாஸ்டிக் வைத்த பட்டை குனிந்ததும் சுருண்டு கயிறுபோல் ஆகிவிடும். எனக்கு அகலமான தட்டைப் பட்டையும் உள்ளே ஒரு நாடாவும் வேண்டும்.

இப்போது முட்டி. குனிந்த நிலையிலேயே ஒரு காலை இடுப்பு உயரம் வரை தூக்குங்கள். முக்கால் பேன்ட்டுக்கே உரிய சிக்கல் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. பேன்ட்டின் விளிம்பு முட்டிக்குக் கீழே காலைப் பிடித்துக்கொள்கிறது. முட்டி மடங்கும்போது அதன்மேல் துணி இறுகுகிறது. கீழே போக வழியில்லாத துணி தொடை வழியாக மேலிருந்து இழுத்துக்கொள்கிறது. அந்த இழுப்பு நேராகப் பேடின் ஓரத்துக்குப் போய்ச் சேரும். நிமிடத்துக்கு 80 சுற்று பெடல் மிதித்தால் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு காலும் 4,800 முறை பேடை இழுக்கிறது. தொடையிடுக்கில் சிவந்த கோடு விழுவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

சோதிக்க, காலைத் தூக்கும்போது ஒரு கையைப் பேடின் பக்கவாட்டு ஓரத்தில் வையுங்கள். விரலுக்கடியில் ஓரம் நகர்கிறதா? நகர்ந்தால் அந்தப் பேன்ட் வேண்டாம். முட்டி இடத்தில் மடிப்பு வைத்துத் தைத்த, அல்லது நாலு பக்கமும் இழுபடும் துணியில் வெட்டிய பேன்ட்டில் இது வராது. விளிம்பு கொக்கியோ நாடாவோ வைத்துத் தளர்த்தும்படி இருந்தால் இன்னும் நல்லது. கெண்டைக்கால் பருத்தவர்களுக்கு இது கட்டாயம்.

கடைசியாக, மேல் பேன்ட்டை உள்பக்கம் திருப்பி, கால்கள் கூடும் இடத்தைப் பாருங்கள். சாதாரண பேன்ட்டில் நாலு தையல் ஒரே புள்ளியில் கூடி, ஓவர்லாக் அடித்த முடிச்சாகத் திரண்டிருக்கும். சீட்டின் நடுவில் படுவது அந்த முடிச்சுதான். சைக்கிளுக்கென்று வெட்டிய பேன்ட்டில் அங்கே வைர வடிவத்தில் தனித் துண்டு வைத்திருப்பார்கள், தையல்கள் ஓரத்துக்கு விலகிவிடும். அப்படி இல்லாத மேல் பேன்ட்டை, பேட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வாங்காதீர்கள். அந்த இடம் ரொம்பத் தாழ்வாகத் தொங்கவும் கூடாது. எழுந்து மிதித்துவிட்டு மறுபடி உட்காரும்போது சீட்டின் மூக்கில் மாட்டும்.

படி 5: உள்ளே ஜட்டி வேண்டாம்

நிறையப் பேருக்கு இது சங்கடமாக இருக்கும், இருந்தாலும் கேளுங்கள். பேட் தோலோடு நேராகப் பட வேண்டும். உள்ளே ஜட்டி போட்டால் அதன் எலாஸ்டிக் ஓரம் சரியாக எலும்புக்கும் தொடைக்கும் நடுவே வரும். பருத்தி ஜட்டி என்றால் ஈரம் அங்கேயே தங்கும். ஈரமான தோல்தான் சீக்கிரம் உரிகிறது.

படி 6: சீட்டைச் சரிபார்ப்பது

பேட் வந்ததும் சீட் சில மில்லிமீட்டர் உயர்ந்ததுபோல் ஆகிவிடும். சீட்டில் உட்கார்ந்து, பெடலைக் கீழே கொண்டுவந்து, குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீண்டு, இடுப்பு சாயாமல் இருந்தால் சரி. சீட் உயரமாக இருந்தால் மிதிக்க மிதிக்க இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும், அப்போது எந்தப் பேடும் தோலை அறுக்கும்.

ஜெல் உறை போட்ட சீட் என்றால் உறையைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். மெத்தைமேல் மெத்தை வைத்தால் எலும்பு புதைந்து, நடுப்பகுதி மேலே பிதுங்கி அழுத்தம் வாங்கும். தடித்த பேட் வாங்கியும் மரத்துப்போகிறது என்று சொல்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். சில தயாரிப்பாளர்கள் ஃபோமின் அடர்த்தியை ஒரு கன மீட்டருக்கு 80 கிலோ, 120 கிலோ என்று அட்டையில் போடுகிறார்கள். எண் கூடினால் ஃபோம் சீக்கிரம் நசுங்காது. மெல்லிய, அடர்த்தியான பேட், தடித்த மெதுமெதுப்பான பேடை விட நீண்ட தூரத்துக்கு நல்லது. கட்டை விரலால் அழுத்தும்போது விரல் அடிவரை இறங்கினால் அந்த பேட் எலும்பின் கீழேயும் அப்படித்தான் நசுங்கும்.

மரத்துப்போவதை மட்டும் பழகிவிடும் என்று விடாதீர்கள். ஓட்டும்போதே அடிக்கடி எழுந்து மிதியுங்கள், சீட்டின் மூக்கு மேல்நோக்கி இருந்தால் மட்டமாக்குங்கள். இறங்கிய பிறகும் உணர்ச்சி திரும்பத் தாமதமானால் மருத்துவரைப் பாருங்கள்.

படி 7: துவைப்பது

வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள். ஈரப் பேடோடு உட்கார்ந்திருந்தால் மயிர்க்கால்களில் கட்டி வரும். உள்பக்கம் வெளியே திருப்பி, 30 டிகிரிக்கு மேல் போகாத தண்ணீரில், சாதாரண சோப்பில் துவையுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் வேண்டாம், அது இழைகளில் படிந்து வியர்வை கடத்துவதைக் கெடுக்கும். பேடை முறுக்கிப் பிழியாமல் ஒரு துண்டுக்குள் சுருட்டி அழுத்துங்கள். பேட் காற்றுப் படும்படி நிழலில் காயட்டும். துணி காய்ந்தாலும் ஃபோமின் உள்ளே ஈரம் இருக்கும், அதனால் இரண்டு உள்டிராயராவது வைத்துக்கொள்வது நல்லது.

பிற்சேர்க்கை: வந்த கேள்விகள்

"இடுப்பு ஒரு அளவு, தொடை ஒரு அளவு, எதைப் பார்த்து வாங்குவது?" உள்டிராயரை இடுப்பெலும்புச் சுற்றளவையும் தொடையையும் பார்த்து வாங்குங்கள். வயிற்றுப் பக்கம் தளர்ந்தால் நாடாவால் இறுக்கலாம். தொடை தளர்ந்தால் ஒன்றும் செய்ய முடியாது, பேட் நகரும்.

"கிரீம் தடவலாமா?" நீண்ட தூரத்துக்கு நல்லது. சைக்கிளுக்கென்று வரும் கிரீமையே வாங்குங்கள். பெட்ரோலியம் ஜெல்லி பேடில் ஏறினால் துவைத்தாலும் லேசில் போகாது.

"மாதவிலக்கு நாட்களில்?" நாப்கின் இந்தத் துணியில் சரியாக ஒட்டாது, மிதிக்க மிதிக்கச் சுருண்டு உரசும் என்று எழுதியிருந்தார்கள். கப் அல்லது டாம்பான் பழக்கம் உள்ளவர்கள் அதையே பயன்படுத்துவது சௌகரியம்.

"பேட் தனியாக விற்கிறார்களே, என்னிடம் இருக்கும் பேன்ட்டில் தைத்துக்கொள்ளலாமா?" தளர்வான பேன்ட்டில் வேண்டாம், படி 3இல் சொன்ன அதே தொல்லை வரும். இறுக்கமான லைக்ரா டிராயரில் தைக்கலாம். டிராயரைப் போட்டுக்கொண்டு சீட்டில் உட்கார்ந்தபடியே பேடின் நான்கு ஓரங்களையும் சாக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். மேசையில் விரித்துக் குறித்தால் இடம் தவறும். ஓரத்தை மட்டும் வளைவுத் தையலாக, ஜிக்ஜாக்கில் அடிக்கச் சொல்லுங்கள். நேர்த்தையல் போட்டால் முதல் முறை இழுபடும்போதே நூல் அறுந்துவிடும்.