டைவ் வாட்ச்: கடலில் இறங்கும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை

பேட்டரி மாற்றிய டைவ் வாட்சோடு (ஆழ்கடலில் மூழ்குவோர் கட்டும் வாட்ச்) கோவளம் கடலில் குதிக்காதீர்கள். வாட்சில் தண்ணீர் புகுமா என்று பார்க்கும், கைப்பம்ப் உள்ள அக்ரிலிக் டெஸ்டரில் பாதிவரை தண்ணீர் ஊற்றுங்கள். ஸ்ட்ராப்பைக் கழற்றி, கிரவுனை (பக்கவாட்டில் நேரம் மாற்றும் திருகை) இறுகத் திருகி, வாட்சைத் தண்ணீருக்கு மேலே காற்றில் தொங்கவிட்டு, பம்பால் 3 பார் (அழுத்த அலகு) வரை அழுத்தம் ஏற்றுங்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தண்ணீரில் முக்கி, அழுத்தத்தை மெல்லக் குறையுங்கள். ஓட்டை இருந்தால் உள்ளே புகுந்த காற்று ஒரே இடத்திலிருந்து சரம்சரமாகக் குமிழ்விடும். மேலே ஒட்டியிருந்து கிளம்பும் ஒன்றிரண்டு குமிழ் கணக்கில்லை.

பலரும் சொதப்புவது இதற்கப்புறம்தான். குமிழ் தெரிந்ததும் வாட்சை மேலே தூக்கிவிட்டுத்தான் மீதி அழுத்தத்தை விடவேண்டும். இல்லையென்றால் அதே ஓட்டை வழியே தண்ணீர் ஏறிவிடும். பெரும்பாலும் பின்மூடி ரப்பர் வளையம்தான் நசுங்கியிருக்கும். புதிது போட்டு, சிலிகான் கிரீஸ் லேசாகத் தடவி, ஏசி அறையில் மூடுங்கள். சென்னைப் புழுக்கத்தில் மூடினால் ஈரக்காற்று உள்ளேயே தங்கும். 3 பாரில் தேறியது 200 மீட்டர் ஆழத்துக்கு உத்தரவாதமல்ல.