ரப்பர் பட்டையால் கறைபடிந்த சன்னல் கண்ணாடி: துடைப்பதில் நேரும் தவறுகள்

சன்னல் கண்ணாடியின் ஓரத்திலிருந்து கறுப்பாக வழிந்து, துடைக்கத் துடைக்கப் பரவும் கறையை வெறும் தூசியென்று கருதுவதே முதல் தவறு. கண்ணாடியைச் சட்டத்தில் பிடித்துவைக்கும் ரப்பர் பட்டைக்கு வலுவும் வெயிலைத் தாங்கும் திறனும் தருவதற்காக நுண்ணிய கார்பன் கரித்தூளையும், வளைந்துகொடுப்பதற்காக எண்ணெயையும் சேர்க்கிறார்கள். புற ஊதாக் கதிரும் வெப்பமும் ஓசோனும் ஆண்டுக்கணக்கில் தாக்கும்போது ரப்பரின் மேற்பரப்பு சிதைகிறது. பிடிமானம் இழந்த கரித்தூள் எண்ணெய்ப் பசையோடு கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறது. கரித்தூள் நீரில் கரையாது என்பதால், ஈரத்துணியால் நேரே கண்ணாடியைத் துடைத்தால் ஓரத்தில் இருந்த கறை நடுப்பகுதிக்கு இடம்பெயரும், அவ்வளவுதான்.

ஆகவே ரப்பரில் தொடங்கிக் கண்ணாடியில் முடிக்க வேண்டும். பாத்திரம் கழுவும் மென்மையான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பட்டையை ஒருமுறை துடைத்துவிட்டு, அந்தத் துணியை ஒதுக்கிவிட வேண்டும். அதே துணி கண்ணாடியைத் தொட்டால் உழைப்பு வீண். பின்னர் வேறொரு துணியில் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலைச் சிறிதளவு தோய்த்து, கறையை ஓரத்தை நோக்கி ஒற்றி எடுக்கலாம். அது எளிதில் தீப்பற்றும். நெருப்பு அருகில் இருக்கக் கூடாது, காற்றோட்டம் வேண்டும். வெயிலில் சூடான கண்ணாடியில் அது துடைப்பதற்குள் உலர்ந்துவிடும் என்பதால் நிழல் விழும் நேரமே நல்லது.

துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை ரப்பரைத் தேய்ப்பவர்கள் உண்டு. மெச்சத்தக்க பொறுமைதான், ஆனால் சிதைந்துவிட்ட ரப்பரில் கறுப்பு நிற்கவே நிற்காது, ஏனெனில் துணியில் வருவது அழுக்கல்ல, அந்த ரப்பரேதான். ஒவ்வொரு தேய்ப்பிலும் பட்டை இன்னும் சற்று மெலிகிறது.

பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் ஆகியவற்றைத் தொடவே கூடாது. தீ அபாயம் ஒருபுறமிருக்க, சன்னல்களில் பரவலாகப் பயன்படும் ஈபிடிஎம் ரப்பர் பெட்ரோலிய எண்ணெய்களை உறிஞ்சி உப்பி, வலுவிழக்கும். பழைய பட்டையை மென்மையாக்குவதாக எண்ணி, பெட்ரோலியத்திலிருந்து வரும் வாசலினைத் தடவுவதும் இதே காரணத்தால் தவறு. பட்டை இன்னும் உறுதியாக இருந்தால் சிலிக்கான் மசகு மெல்லிய பூச்சாகப் போதும். அசிட்டோன் இந்த ரப்பரைப் பெரிதாகப் பாதிக்காவிட்டாலும் சட்டத்தின் பெயின்டையும், கண்ணாடிக்குப் பதிலாகப் பொருத்திய அக்ரிலிக் தகட்டையும் கெடுத்துவிடும்.

பிளேடும் இரும்பு நாரும் கறையைச் சுரண்டிவிடும் என்பது உண்மைதான். கீறல் மட்டும் நிரந்தரமாகத் தங்கிவிடும். டஃபன் செய்த, அதாவது சூடாக்கிக் குளிர்வித்து வலுவூட்டிய கண்ணாடியிலும் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியிலும் இந்த அபாயம் கூடுதல்.

பட்டை விரிசல்விட்டு, சுருங்கி, மூலைகளில் இடைவெளி விட்டிருந்தால் அதை மாற்றுவதே வழி. அதன்மேல் இடைவெளி அடைக்கும் சிலிக்கான் பசையைப் பூசி மூடினால் உதிரும் பரப்பில் அது ஒட்டாது. சட்டத்தின் அடியில் நீர் வடிவதற்காக விட்டிருக்கும் சிறு துளைகளும் அடைபடலாம். பழைய பட்டையில் ஒரு துண்டை மாதிரிக்கு எடுத்துச் சென்று, அதே வடிவமுள்ளதை வாங்க வேண்டும். பொருத்தும்போது இழுத்து நீட்டக் கூடாது. நீட்டிய ரப்பர் நாளடைவில் சுருங்கி, மூலைகள் மறுபடியும் திறந்துகொள்ளும்.

இரட்டைக் கண்ணாடிச் சன்னலில் கறை இரு தகடுகளுக்கும் இடையே தெரிந்தால் எந்தத் துணியும் அங்கே எட்டாது. அது உள்விளிம்பை அடைத்திருக்கும் பசை கெட்டதன் அறிகுறி. அந்தக் கண்ணாடித் தொகுதியையே மாற்ற வேண்டியிருக்கும்.