சமுதாய வானொலி வழியாக ஊர்க் கலை நிகழ்ச்சிக்கு ஆள் சேர்ப்பது எப்படி

வள்ளி முருகன் கதையைப் பாடிக் கைதட்டி வட்டமாக ஆடும் வள்ளி கும்மியைக் கோயில் திடலில் அரங்கேற்றும் இளைஞர் குழுவுக்கும், உடுக்கை அடித்துக் கதை பாடும் உடுக்கடிக் கதைப்பாட்டுக்கு ஏற்பாடு செய்யும் ஊர்ப் பெரியவர்களுக்கும், கிளை நூலகத்தில் மாதந்தோறும் கூடும் வாசகர் வட்டத்துக்கும் உள்ள கவலை ஒன்றுதான். நோட்டீஸ் அச்சடித்து, ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, இரண்டு பிளக்ஸ் வைப்பதற்குள் கைப்பணம் கரைந்துவிடுகிறது. அப்படியும் நான்கு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊருக்குச் செய்தி போய்ச் சேர்வதில்லை. லாப நோக்கம் இல்லாமல் கலை வளர்க்கும் இப்படிப்பட்ட குழுக்களுக்குச் சமுதாய வானொலியைப் போலப் பொருத்தமான துணை வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் அதைப் பயன்படுத்தும் முறை தெரியாமல், நோட்டீஸைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, ‘வாசித்துவிடுங்கள்’ என்று சொல்லித் திரும்பிவிடுகிறவர்களே அதிகம். வானொலிக்குக் கொண்டுபோக வேண்டியது நோட்டீஸ் அல்ல, உங்கள் நிகழ்ச்சியின் ஒலி.

முதலில் சமுதாய வானொலியின் இயல்பைப் புரிந்துகொள்ள வேண்டும். கல்லூரியோ தொண்டு நிறுவனமோ லாப நோக்கமின்றிச் சுற்று வட்டார மக்களுக்காக நடத்தும் சிறிய பண்பலை நிலையம் அது. கல்வி நிறுவனங்கள் இத்தகைய நிலையங்களை நடத்தலாம் என்று மத்திய அரசு 2002ஆம் ஆண்டில் அனுமதி அளித்தது. அதன்படி நாட்டிலேயே முதலாவதாக, சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா பண்பலை 2004 பிப்ரவரி 1 அன்று தொடங்கியது. தொண்டு நிறுவனங்களும் நிலையம் தொடங்கலாம் என்ற தளர்வு 2006இல் வந்தது. கொங்கு வட்டாரத்தில் கோவை பி.எஸ்.ஜி. நிறுவனங்களும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும், பெருந்துறை கொங்கு பொறியியல் கல்லூரியும் இவ்வகை நிலையங்களை நடத்தி வந்திருக்கின்றன. ஒலிபரப்புத் திறன் 100 வாட் அளவுக்குள் இருக்க வேண்டும் என்பதால், சுற்றிலும் ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் வரைதான் குரல் தெளிவாக எட்டும். இதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு இருசக்கர வாகனத்தில் குடும்பத்தோடு கிளம்பி வரக்கூடியவர்கள் எல்லாரும் அந்தப் பத்து கிலோமீட்டருக்குள்தானே இருக்கிறார்கள்?

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்புடன் உருவானதாக இருக்க வேண்டும் என்பது இந்நிலையங்களுக்கான விதி. ஆகவே நீங்கள் உதவி கேட்டுப் போகிறவர் மட்டுமல்லர். நிலையத்துக்குத் தேவையானதைக் கொடுக்கப் போகிறவரும்கூட. சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அவர்களுக்கு அனுமதி இல்லை என்பதால், ‘வானொலியில் செய்தி போடுங்கள்’ என்று கேட்டால் மறுத்துவிடுவார்கள். உள்ளூர்ப் பண்பாட்டு நிகழ்ச்சிகளையும் திருவிழாக்களையும் பற்றிய தகவல் அந்தத் தடைக்குள் வராது. ‘பண்பாட்டு நிகழ்ச்சி பற்றிய அறிவிப்பு’ என்று சொல்லியே கேளுங்கள்.

எந்த நிலையம் உங்கள் ஊரில் கேட்கிறது என்பதை வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. பண்பலை அலைவரிசையை மலையும் கரடும் மறிக்கும். குன்றின் இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்கும் நிலையம் அந்தப் பக்கத்து ஊரில் இரைச்சலாகிவிடலாம். ஒரு சிறிய ரேடியோவை எடுத்துக்கொண்டு டீக்கடை, பால் சொசைட்டி, விசைத்தறிக் கூடம், கோயில் வாசல் என்று நீங்கள் எதிர்பார்க்கும் மக்கள் இருக்கும் இடங்களிலேயே வைத்துக் கேட்டுப் பாருங்கள். பிறகு, நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே நிலையத்துக்கு நேரில் போய்விடுங்கள். நிலையத்தில் வேலை செய்கிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். அவர்களில் பலர் மாணவர்களும் தன்னார்வலர்களும். முந்தைய நாள் மாலையில் போய் நின்றால் அவர்களால் ஒரு வரியை வாசிக்க மட்டுமே முடியும். மூன்று வாரம் கொடுத்தால் உங்கள் ஆசிரியரை அழைத்து அரை மணி நேர உரையாடலே பதிவு செய்வார்கள்.

இனி ஒலிப்பதிவு. நல்ல கைபேசி ஒன்று போதும், ஆனால் எங்கே வைத்துப் பதிகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வள்ளி கும்மியில் பாட்டு, கைதட்டு, சலங்கை ஆகிய மூன்றும் சேர்ந்தே வர வேண்டும்; வட்டத்துக்கு வெளியே ஓரமாக நின்று பதிந்தால் ஒலிபெருக்கியின் இரைச்சலும் வேடிக்கை பார்ப்பவர்களின் பேச்சும்தான் பதியும். பயிற்சி நாள் ஒன்றில் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, வட்டத்தின் நடுவில் பாட்டு ஆசிரியருக்கு ஒரு முழ தூரத்தில் கைபேசியைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். ஆடுபவர்கள் உங்களைச் சுற்றி வரும்போது கைதட்டும் சலங்கையும் பாட்டோடு சேர்ந்து பதிவாகும். உடுக்கடிப் பாட்டில் உடுக்கையின் ஓசை பாடகரின் குரலை விழுங்கிவிடும் என்பதால், உடுக்கை இல்லாத கைப் பக்கமாக உட்கார்ந்து, கைபேசியைப் பாடகரின் வாய் மட்டத்துக்கு உயர்த்திப் பதிய வேண்டும். ஜமாப் மேளம், காலில் பெரிய சலங்கை கட்டி ஆடும் பெருஞ்சலங்கை ஆட்டம் போன்றவற்றுக்கு நேர்மாறான முறை தேவை: பக்கத்தில் நின்றால் ஒலி உடைந்துவிடும், இருபது அடியாவது தள்ளி நில்லுங்கள்.

காற்றை மறந்துவிடக்கூடாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடி மாதங்களில் வீசும் காற்று பல்லடம், உடுமலைப் பக்கத்தில் திறந்தவெளிப் பதிவு எதையும் கெடுத்துவிடும். மெல்லிய கைக்குட்டையைக் கைபேசியின் ஒலிவாங்கிமேல் சுற்றிக்கொள்ளலாம். அதைவிடச் சுவரின் மறைவில் நின்று பதிவது நல்லது. ஆசிரியரின் பேச்சைத் தனியாகப் பதியும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். பக்கத்துத் தறிக்கூடம் ஓடாத நேரமாகப் பாருங்கள். பதிந்ததை வாட்ஸ்அப் குரல் செய்தியாக அனுப்பினால் தரம் குறைந்துபோகும். கைபேசியின் ஒலிப்பதிவுச் செயலியில் பதிந்து, அந்தக் கோப்பை டாக்குமெண்ட் முறையில் அனுப்புங்கள், அல்லது பென்டிரைவில் நேரில் கொடுங்கள்.

அடுத்தது அறிவிப்பின் வாசகம். அழைப்பிதழ் அடிக்கும் பழக்கத்தில் ‘நிகழும் மங்களகரமான’ என்று தொடங்கி ஆண்டு, மாதம், திதி, நட்சத்திரம் எல்லாம் எழுதிவிடுகிறோம். தாளில் அது அழகுதான். காதில் விழும்போது, எங்கே, எப்போது என்று தெரிவதற்குள் கேட்பவரின் கவனம் போய்விடுகிறது. முப்பது விநாடிக்கு ஏறத்தாழ ஐம்பது சொற்கள்தான் கொள்ளும். முதல் ஐந்து விநாடி சலங்கையும் கைதட்டும் ஒலிக்கட்டும், பிறகு ஆடப்போகிறவர்களில் ஒருவர், அவர் வீட்டில் பேசுகிற பேச்சிலேயே, இப்படிச் சொல்லட்டும்: “வர்ற ஞாயித்துக்கெழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நம்ம மாரியம்மன் கோயில் திடல்ல வள்ளி கும்மி அரங்கேற்றமுங்க. நாலாவது படிக்கிற புள்ளையில இருந்து அறுபது வயசு அம்மா வரைக்கும் ஆடறோமுங்க. காசு எதுவும் வாங்கறதில்லீங்க. பெரியவங்க உக்கார நாற்காலி போட்டிருக்குதுங்க. ஒம்பது மணிக்கு முடிஞ்சிரும், கடைசி பஸ்ஸைப் புடிச்சரலாமுங்க. எல்லாரும் வந்துருங்க, ஞாயித்துக்கெழமை, ஆறு மணிங்க.” நாளும் நேரமும் முதலிலும் முடிவிலும் வருவதைக் கவனியுங்கள். வரலாமா வேண்டாமா என்று யோசிக்கும் குடும்பம் கேட்கக்கூடிய கேள்விகளுக்கு, அதாவது கட்டணம், உட்காரும் வசதி, திரும்பிப்போகும் வழி ஆகியவற்றுக்கு, நடுவில் பதில் இருக்கிறது. தொலைபேசி எண் சொல்வதானால் எண்களை இரண்டிரண்டாகப் பிரித்து இருமுறை சொல்ல வேண்டும். அந்த எண்ணுக்குரியவர் அழைப்பை எடுக்கக்கூடியவராகவும் இருக்க வேண்டும்.

முடியும் நேரத்தைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவெளியில் ஒலிபெருக்கி கூடாது; ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல், திருவிழாக் காலங்களில் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்வு தரலாம். விடிய விடிய நடக்கும் கதைப்பாட்டு என்று வானொலியில் அறிவித்துவிட்டுப் பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த நேர்ந்தால், தூரத்து ஊரிலிருந்து வந்தவர்களின் ஏமாற்றத்துக்கு நாமே பொறுப்பாளிகள். காவல் நிலைய அனுமதியை முதலில் வாங்கிவிட்டு அறிவிப்பைப் பதியுங்கள்.

வாசகத்திலிருந்து நீக்க வேண்டியவையும் உண்டு. நம் நோட்டீஸ்களில் கட்சிப் பிரமுகர்களின் பெயர்கள் பதவியோடு வரிசையாக இருக்கும். அரசியல் சார்ந்த எதையும் சமுதாய வானொலி ஒலிபரப்ப முடியாது என்பதால் அவற்றை அங்கே கொடுக்காதீர்கள். உபயதாரர் கடைகளின் பெயர்களைச் சேர்த்தால் அறிவிப்பு விளம்பரமாகிவிடும். விளம்பரத்துக்கும் இடம் இருக்கிறது. மணிக்கு 12 நிமிடம் வரை ஒலிபரப்பலாம் என்று 2024இல் விதி தளர்ந்தது. ஆனால் அதற்குக் கட்டணம் உண்டு. உபயதாரருக்கு நன்றி சொல்ல மேடை இருக்கிறது. பின்னணியில் சினிமாப் பாட்டு வைப்பதையும் தவிர்த்துவிடுங்கள்: பதிப்புரிமைச் சிக்கல் ஒருபுறமிருக்க, பரம்பரையாக வந்த கும்மிப் பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கு முன்னால் இரவல் இசையை நிறுத்துவது நம் கலைக்கு நாமே செய்யும் அவமதிப்பு.

எல்லாரும் வருக என்று வானொலியில் சொன்னால், அது உண்மையாக இருக்க வேண்டும். ஒரே சாதிக்காரர் கூடும் விழாவைப் பொது நிகழ்ச்சியாகக் காட்டி அறிவிப்பது நேயருக்கும் நிலையத்துக்கும் செய்யும் துரோகம். பறையடிப்பவரின் பெயரும் பாட்டு ஆசிரியரின் பெயரும் அறிவிப்பில் ஒரே மரியாதையோடு வர வேண்டும். கோவை மாவட்டத்து வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்திரப்பன், ஆண்களே ஆடிவந்த கலையைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தவர். 2024இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. கதவைத் திறந்துவைத்ததால்தான் இன்று பல திடல்களில் பெண்களும் பிள்ளைகளும் இத்தனை பேர் கும்மியடிக்கிறார்கள்.

ஒலிபரப்பு நேரத்தை நிலையத்தின் விருப்பத்துக்கு விட்டுவிடாதீர்கள், கேட்டு வாங்குங்கள். பால் ஊற்றப் போகிறவர்களும் சமையலறையில் இருப்பவர்களும் காலை ஆறரை முதல் ஏழரை வரை கேட்பார்கள். திருப்பூர்ப் பக்கத்துப் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் ஒன்றரை ஷிப்டு முடித்து வெளியே வருவதே இரவு எட்டரைக்குத்தான் என்பதால், மாலை ஆறு மணி அறிவிப்பு அவர்களில் பலரை எட்டாது. மதியச் சாப்பாட்டு வேளையும் இரவு ஒன்பது மணியும் அவர்களுக்கு ஏற்றவை. சனிக்கிழமை சம்பள நாள், கடைவீதிக்குப் போகும் நாள். தொழிலாளர் குடும்பங்கள் வர வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி வைப்பதே நல்லது. கடைசி நான்கு நாட்களில் ஒரே அறிவிப்பைத் திரும்பத் திரும்பப் போடுவதைவிட, முதல் நாள் ஆசிரியர், மறுநாள் ஆடும் சிறுமி, அடுத்த நாள் அவளுடைய பாட்டி என்று குரலை மாற்றிப் போட்டால் நேயர்கள் காத்திருந்து கேட்பார்கள். தங்கள் வீட்டுப் பிள்ளையின் குரல் வானொலியில் வரும் என்று தெரிந்தால் உறவுக்காரர்கள் அத்தனை பேரும் அந்த நேரத்தில் ரேடியோவைத் திருப்பி வைப்பார்கள்; அவர்களே அக்கம்பக்கத்துக்கும் சொல்லிவிடுவார்கள்.

கலைஞர்களிடம் எழுத்து மூலம் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். நிகழ்த்துவோர் உரிமை இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 50 ஆண்டுகளுக்கு உள்ளது. அவர்களுடைய சம்மதமின்றிப் பாட்டைப் பதிந்து ஒலிபரப்பக்கூடாது. எந்த நிகழ்ச்சிக்காக, எந்த நிலையத்தில், எத்தனை நாள் என்று அரைப் பக்கத்தில் எழுதி, படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கினால் போதும். பதிவுக்காக அவர் ஒரு நாள் வேலையை விட்டு வருகிறார் என்றால் அந்த நாள் கூலியும் பஸ் செலவும் கொடுத்தாக வேண்டும். லாப நோக்கமற்ற நிகழ்ச்சி என்பது கலைஞரின் வயிற்றைக் காயப்போடுவதற்கான காரணம் ஆகாது.

நிகழ்ச்சி அன்று நுழையும் இடத்தில் ஒருவரை உட்காரவைத்து, வருகிறவர்களிடம் எந்த ஊர், எப்படித் தெரிந்தது என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். எந்த ஊருக்கு அறிவிப்பு எட்டியது, எந்த நேரத்து ஒலிபரப்பு பலித்தது என்பது அந்த நோட்டில் தெரிந்துவிடும். அடுத்த முறை நிலையத்தில் நேரம் கேட்கும்போது அதைக் காட்டலாம். நிகழ்ச்சியை நல்ல முறையில் பதிந்து, ஒரு வாரத்துக்குள் அதன் பிரதியை நிலையத்துக்குக் கொடுங்கள். அவர்கள் அதைத் தனி நிகழ்ச்சியாக்கி ஒலிபரப்பினால், வர முடியாதவர்களும் கேட்பார்கள்.

மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் காங்கயம் பகுதியில் உடுக்கடிப் பாடகர்களிடமிருந்து, பொன்னர், சங்கர் என்னும் சகோதரர்களைப் பற்றிய அண்ணன்மார் கதையை ஒலிநாடாவில் பதிந்து வைத்ததால்தான் அந்தக் காலத்துப் பாட்டு முறை இன்றைக்கும் கிடைக்கிறது. சமுதாய வானொலி நிலையங்கள் ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளை மூன்று மாதம் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. அதற்குப் பிறகு அழித்துவிட்டால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. எனவே அந்த மூன்று மாதத்துக்குள் ஒலிபரப்பான நிகழ்ச்சியின் கோப்பைக் கேட்டு வாங்கி, பாடியவர் பெயர், ஊர், தேதி ஆகியவற்றைக் கோப்பின் பெயரிலேயே எழுதி, ஒரு பிரதியைக் கலைஞரின் வீட்டிலும் இன்னொன்றை ஊர் நூலகத்திலும் கொடுத்து வையுங்கள்.