பழைய புல்லட்டுக்கு எந்த ஏர் ஃபில்டர்?

என்னிடம் இருப்பது அப்பா ஓட்டிய 1994 மாடல் புல்லட் 350. திருவொற்றியூரில் செய்த வார்ப்பிரும்பு எஞ்சின். மேலூர் பக்கம் குவாரி லாரிகள் ஓடும் ரோட்டில்தான் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். முன்னால் ஒரு டிப்பர் போனால் பாதையே மறைந்துவிடும். அதனால் ஃபில்டர் மாற்ற யோசனை கேட்கிறவர்களிடம் "எந்த ரோட்டில் ஓட்டுகிறீர்கள்?" என்றுதான் முதலில் கேட்பேன். பிக்கப் பேச்சு அப்புறம்.

ஒரு சின்னக் கணக்கு. 346 சிசி எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால், இரண்டு சுற்றுக்கு ஒன்றாக 1500 தடவை காற்றை இழுக்கும். ஒவ்வொரு தடவையும் முழுசாக நிரம்பினாலும் 520 லிட்டரைத் தாண்டாது. சுத்தமான பேப்பர் ஃபில்டருக்கு இது பெரிய வேலையே இல்லை. அடைத்துப்போன பேப்பரைக் கழற்றிவிட்டு விலை கூடிய ஃபில்டரைப் போட்டால் வண்டி இழுக்கத்தான் செய்யும். அதே இடத்தில் புதுப் பேப்பர் போட்டிருந்தாலும் இழுத்திருக்கும்.

கார்புரேட்டர் வாயில் நேராக மாட்டும் கோன் ஃபில்டரை நானும் போட்டேன். சத்தம் கம்பீரமாக இருந்தது. முதல் மழையிலேயே மிஸ்ஸிங். நாலு மாதம் கழித்துக் கழற்றி, கார்புரேட்டருக்குள் விரல் விட்டுத் தடவினேன். விபூதி மாதிரி வெள்ளையாக ஒட்டியது. இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் நறநறவென்றது. அந்தக் கல்தூள்தான் ரிங்கையும் சிலிண்டரையும் தேய்த்திருக்கிறது. புகை கக்க ஆரம்பித்து, கடைசியில் போர் போட்டு, அதாவது சிலிண்டரைக் குடைந்து அகலமாக்கி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் ஏற்ற வேண்டியதாயிற்று. அப்பா கையில் அத்தனை வருடம் ஓடிய சிலிண்டர் அது. இன்னும் மனசு ஆறவில்லை.

என் தீர்ப்பு இதுதான்: ஃபில்டர் உட்காரும் கம்பெனிப் பெட்டியைக் கழற்றாதீர்கள். புழுதி ரோட்டுக்குப் பேப்பர் போதும். அழுக்கானால் மாற்றிவிடலாம். கழுவிக் கழுவிப் போட வேண்டும் என்றால் அதே பெட்டிக்குள் உட்காரும் காட்டன் ஃபில்டர் வாங்குங்கள். ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும். உள்பக்கத்திலிருந்து வெளியே தண்ணீர் விட்டுக் கழுவி, நிழலில் நன்றாகக் காயவிட்டு, அதற்கென்று விற்கும் எண்ணெயை மட்டும் அளவாக விட வேண்டும். பெட்ரோலில் கழுவுவதும் கம்ப்ரசர் காற்று அடிப்பதும் துணியைக் கெடுத்துவிடும். எண்ணெய் காய்ந்த காட்டன் தூசியைப் பிடிக்காது. ஸ்பாஞ்ச் ஃபில்டரும் அப்படித்தான், எண்ணெய் இல்லாமல் ஓட்டக் கூடாது. கழுவும்போது முறுக்கிப் பிழியாதீர்கள், கிழிந்துவிடும்.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பெட்டிக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே உள்ள ரப்பர் ஹோஸைக் கழற்றி, வளைத்துப் பாருங்கள். முப்பது வருட ரப்பரில், வளைக்கும்போது மட்டும் தெரியும் வெடிப்பு நிறைய இருக்கும். அந்த வழியாக உள்ளே போகும் காற்றை எந்த ஃபில்டரும் வடிகட்டப் போவதில்லை. ஹோஸ், கிளிப் இரண்டையும் மாற்றிவிட்டு, ஃபில்டர் உட்காரும் விளிம்பில் லேசாகக் கிரீஸ் தடவுங்கள்.

காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் சூடேறும், பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிவிடும். கோன் போட்டபோது என் மிக்கார்ப் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டில் 90-ஐ எடுத்துவிட்டு, துளை பெரிய 95 போட்டேன். உங்கள் வண்டிக்கு எது சரி என்று பிளக்தான் சொல்லும். காலியான ரோட்டில் முழு த்ராட்டிலில் கொஞ்ச தூரம் ஓட்டி, கிளட்சைப் பிடித்துக்கொண்டே எஞ்சினை நிறுத்துங்கள். ஓரங்கட்டி, ஆறியதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளுத்திருந்தால் பெட்ரோல் பற்றவில்லை, கரி படிந்திருந்தால் அதிகம், செங்கல் பொடி நிறம் என்றால் சரி.

புது ஃபில்டர் போட்டு 500 கிலோமீட்டர் ஓடியதும் ஹோஸைக் கழற்றி, அதன் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் தூசி ஒட்டினால் அன்றைக்கே வண்டியை நிறுத்திவிட்டு, எந்த வழியாகத் தூசி நுழைகிறது என்று தேடுங்கள்.