கேரோ-கானில் பிஷப் முதலில், இ6 அப்புறம்

சதுரங்கத்தில் கறுப்புக் காய்களுடன் கேரோ-கான் (வெள்ளையின் இ4-க்குச் சி6 என்று பதில் சொல்லும் தொடக்கம்) ஆடும்போது வெள்ளை 3-ஆவது நகர்வில் இ5 என்று சிப்பாயைத் தள்ளினால், இ6 வைக்கும் முன் சி8 பிஷப்பை எஃப்5-க்குக் கொண்டுவந்துவிடுங்கள். இ6 முதலில் வைத்தால் பிஷப் சொந்தச் சிப்பாய்க்குப் பின்னால் அடைபடும். பிரெஞ்சு தற்காப்பு (இ4-க்கு இ6 என்று பதில் சொல்லும் தொடக்கம்) ஆடுபவர்களின் தீராத தலைவலி இதுதான். அங்கேயாவது சி5 ஒரே நகர்வில் போய்விடும், இங்கே சி6, பிறகு சி5 என்று ஒரு நகர்வு வீண்.

4-ஆவது நகர்வில் வெள்ளை எச்4 ஆடினால் மட்டும் உஷார். வழக்கம்போல இ6 வைத்தால் ஜி4, எஃப்3, எச்5 என்று வரிசையாகத் துரத்திப் பிஷப்பையே பிடித்துவிடுவார்கள். அதனால் எச்4-க்கு நீங்களும் எச்5 என்று பதில் சொல்லுங்கள்.

வெள்ளை டி4 ஆடாமல் இரு குதிரைகளையும் முதலிலேயே இறக்கியிருந்தால் இது பொருந்தாது. அப்போது பிஷப்பை ஜி4-இல் வைத்து எஃப்3 குதிரையைக் கட்டிப்போடுவதே மேல்.