பல வாத்தியக் கலைஞர்கள் ஸ்டுடியோவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிட்டார், பேஸ், கீபோர்டு, டிரம்ஸ், வயலின், புல்லாங்குழல் எல்லாம் வாசிப்பேன் என்று அறிமுகக் குறிப்பில் வரிசையாக எழுதுவதிலிருந்தே சிக்கல் தொடங்கிவிடுகிறது. படிக்கும் இசையமைப்பாளருக்கு, எதற்காக இவரைக் கூப்பிடுவது என்று தெரிவதில்லை. இரண்டாவது டேக்கிலேயே வேலையை முடித்துத் தருபவரைத்தான் அவர் தேடுகிறார். அதுவரை பார்த்திராத இசைக்குறிப்பைக் கையில் கொடுத்தாலும் கிளிக்கோடு (ஹெட்ஃபோனில் கேட்கும் தாள ஒலியோடு) பிசகாமல் எந்த வாத்தியத்தில் வாசிப்பீர்களோ, அதை முதலில் சொல்லுங்கள். மற்றவை பின்னால் வரட்டும். அமெரிக்க ஸ்டுடியோக்களில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த கரோல் கேயிடம் 1963-இல் பேஸ் வந்து சேர்ந்தது, அன்று பேஸ் வாசிக்க வேண்டியவர் வராததால்தான். ஏற்கெனவே நம்பிக்கை பெற்றவருக்கே அப்படிப்பட்ட வாய்ப்பு கிடைக்கும்.

பாடகரின் வரி நடுவே தன் விரல் வேகத்தைக் காட்டுவது அடுத்த தவறு. வாசிக்காமல் விட்ட இடத்துக்கும் சேர்த்துத்தான் உங்களுக்குச் சம்பளம் தருகிறார்கள்.

வீட்டிலிருந்தே பதிவு செய்து அனுப்புவோர் பலர் நல்ல வாசிப்பைக் கோப்பு அனுப்பும் நேரத்தில் கெடுத்துக்கொள்கிறார்கள். பாட்டின் மாதிரி விகிதம், அதாவது ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறார்கள் என்ற அளவு, 48 கிலோஹெர்ட்ஸா, 44.1-ஆ என்று முதலிலேயே கேளுங்கள். 48-இல் பதிந்ததை மாற்றாமல் 44.1-இல் ஓடவிட்டால் நான்கு நிமிடப் பாட்டு ஏறக்குறைய 4 நிமிடம் 21 விநாடிக்கு நீளும். சுருதியும் ஏறத்தாழ ஒன்றரை ஸ்வர ஸ்தானம் இறங்கிவிடும். சுருதி சேர்க்க அடிப்படையாக வைக்கும் A ஸ்வரம் 440 ஹெர்ட்ஸா 442-ஆ என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். முக்கியமாக பியானோ ஏற்கெனவே பதிவாகியிருந்தால். எல்லாக் கோப்புகளும் பாட்டின் தொடக்கப் புள்ளியிலிருந்தே ஆரம்பிக்கட்டும். எட்டாவது வரியில்தான் நுழைகிறீர்கள் என்றாலும் முன்னால் உள்ள அமைதியோடு அனுப்புங்கள். எதிரொலியும் எஃபெக்ட்களும் சேர்த்த வடிவத்தோடு, எதுவும் சேர்க்காத வடிவத்தையும் கொடுங்கள். மிக்ஸிங் செய்பவருக்கு வேலையை எளிதாக்குபவரை மறுபடி அழைப்பார்கள்.

என்னை மிகவும் வருத்துவது உரிமை விஷயத்தில் காட்டப்படும் அலட்சியம். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் இருந்த மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்துக்காக எத்தனையோ வெற்றிப் பாடல்களில் வாசித்தவர்கள் ஃபங்க் பிரதர்ஸ் என்ற ஸ்டுடியோ வாத்தியக் குழுவினர். அப்படிப்பட்டவர்களின் பெயர்கள் நிறுவனத்தின் ஆல்பம் உறையில் இடம்பெற 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்றும் "பெயர் போடுவோம்" என்ற வாய்மொழியை நம்பி வாசித்துவிட்டு, பாட்டு வெளியானபின் தேடிப் பார்ப்பவர்கள் ஏராளம். இசைப்பதற்கு முன் நான்கு வரி மின்னஞ்சல் போதும்: தொகை எவ்வளவு, எப்போது கிடைக்கும், எத்தனை முறை திருத்தித் தர வேண்டும், பெயர் எங்கே எப்படி வரும். "முழு உரிமையும் எங்களுக்கே" என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால், எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு கையெழுத்திடுங்கள். மெட்டமைத்தவரின் உரிமை தனி. வாசித்தவருக்கு உரிய உரிமை தனி. வாசிப்பவரின் உரிமையை 1961-ஆம் ஆண்டின் ரோம் உடன்படிக்கையே பேசியிருக்கிறது. பல நாடுகளில் ஒலிபரப்புக்கான பங்கை வசூலித்துத் தரும் சங்கங்கள் உண்டு. ஆனால் அவற்றில் தன் பெயரைப் பதிவு செய்துகொள்ளாதவருக்கு அந்தப் பணம் வந்து சேர்வது கடினம். எந்தப் பாட்டில், எந்த நாளில், எந்த வாத்தியம் வாசித்தீர்கள் என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டின் முகவரியாகவே மாறப்போகும் ஓர் இசைத்துணுக்கை நீங்களே உருவாக்கினால், படைப்பில் பங்கு பற்றிய பேச்சை வெளியீட்டுக்கு முன்பே முடியுங்கள். வெளியான பின் அந்தப் பேச்சு கசப்பில்தான் முடியும்.

காதைப் பொருட்படுத்தாமல் இருப்பது திருத்தவே முடியாத தவறு. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது பணியிடங்களுக்குப் பரிந்துரைக்கப்படும் வரம்பு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். மூடிய அறையில் டிரம்ஸ் அதைச் சுலபமாகத் தாண்டும். இசைக்கலைஞர்களுக்கென்றே, எல்லா ஸ்வரங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் தணிக்கும் காதடைப்பான்கள் கிடைக்கின்றன. அடுத்த வாத்தியம் வாங்குவதற்கு முன் அதை வாங்குங்கள்.